அட்டையில் பேர் இல்லாதவர்களுக்கு மட்டும்

ரேஷன் கடையில் பெண்களுக்குத் தற்காப்புத் தோட்டா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ரகம் சுவரைத் துளைச்சு அடுத்த ரூமுக்குப் போயிடும். பிள்ளைங்க இருக்கற வீடுன்னா இந்த ரெண்டாவது பெட்டியை எடுத்துக்குங்க, உடம்போட நின்னுடும்," என்றார் விற்பனையாளர்.

முந்தானையால் கன்னத்தை மூடியிருந்த செண்பகவல்லி இரண்டாவது பெட்டியை எடுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. உங்க குடும்ப அட்டையில பேர் இருக்கறவங்க மேல எந்தத் தோட்டாவும் பாயாது."

அவள் பெட்டியைத் தராசில் அடித்து வைத்தாள். "அப்ப என் வீட்டுக்காரர் பேரை அட்டையில இருந்து எடுங்க."

"அதுக்கு அவரே வந்து கைரேகை வைக்கணும்."

செண்பகவல்லி முந்தானையை விலக்கினாள்.

"அஞ்சு விரலும் இங்க பதிஞ்சிருக்கு. மிஷினைக் கொண்டாந்து வச்சுப் பாருங்க சார்."