புதுக் கிரீஸ்

எங்கள் கப்பலை முன்பு மூழ்கடித்தவர்கள் அதைக் கொண்டுவந்த ஜெர்மானியர்களேதான். முதல் உலகப் போர்ச் சண்டையில் தோற்றதும், எதிரி கையில் சிக்கக்கூடாதென்று ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிக்குள் இறக்கிவிட்டார்கள். அதற்கு முன், தண்ணீருக்கடியில் துருப்பிடிக்காமல் இருக்க எஞ்சின் முழுக்கக் கிரீஸை அப்பினார்கள். பல வருஷம் கழித்து ஆங்கிலேயர்கள் தூக்கியபோது துருவே இல்லையாம். நான் எஞ்சின் அறை உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்த எஞ்சின்தான் ஓடியது.

அன்று கசங்கா துறையிலிருந்து கிளம்பும்போது வால்வுகளில் விரல் தடிமனுக்குப் புதுக் கிரீஸ் இருந்தது. எஞ்சினியர் ருகண்டா என் மேல் பாய்ந்தார்.

"ஏண்டா, கிரீஸ் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"நான் தொடவே இல்ல பெரியவரே. டப்பா பூட்டினபடிதான் இருக்கு."

துடைத்தோம். மறுநாள் காலையில் நங்கூரச் சங்கிலியிலும் இருந்தது. சமையற்காரி ந்யாம்விசா வந்து கத்தினாள்.

"உகாலிக் களி கிண்டுற சட்டியைக்கூடவா விட மாட்டீங்க?"

எல்லோரும் சிரித்தோம். ருகண்டா சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒரு கரையோர ஊருக்கு எதிரே ஊதல் கொடுத்தோம். படகுகள் வந்து ஆட்களை ஏற்றிவிட்டுத் திரும்பின. அந்த நேரத்தில் எஞ்சின் அருகே கண்ணயர்ந்திருந்த ருகண்டா, எழுந்து என்னைக் கூப்பிட்டார். அவர் கைகளில், கழுத்தில், கண்ணிமைகளில்கூடக் கிரீஸ்.

"ஓடுடா! ஊதலை அடி, படகுங்களைத் திரும்பக் கூப்பிடு. எல்லாரையும் இறக்கணும்."

மேல்தளத்துக்கு ஓடினேன். கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி, முந்தானையால் மகளின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியில என்னத்தடி பூசிக்கிட்டே? தேய்க்கத் தேய்க்கப் போக மாட்டேங்குது!"

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.