மேட்டில் நின்ற பஸ்

மலைமேட்டில் பஸ் உறுமிக்கொண்டே நிற்கிறது. இன்னும் இருநூறு அடி போனால் சுரங்கப்பாதை. அப்புறம் ஒரு மணி நேரத்துக்குச் செல்போனில் சிக்னலே இருக்காது. அதனால்தான் டிரைவர் நிறுத்திவிட்டார். மூன்றாவது சீட்டில் இருக்கும் தையல்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. "மனைவிக்குப் பிரசவ வலி" என்று ஏறும்போதே கண்டக்டரிடம் செல்போனில் எழுதிக் காட்டியவர். இதோ, வீடியோ கால் வந்துவிட்டது. வெயில் கூசாமலிருக்கக் கண்டக்டர் டிக்கெட் பையால் திரைக்கு நிழல் பிடிக்கிறார். தலைக்கு மேல் தலையாகப் பஸ்ஸே எட்டிப் பார்க்கிறது. திரையில் நர்ஸ் துணியை விலக்க, சிவந்த சின்ன முகம். வீல் என்று ஓர் அழுகை. "பொண்ணு பொறந்திருக்கா!" என்கிறாள் நர்ஸ். நேரமாச்சு என்று முணுமுணுத்த மீசைக்காரர்தான் இப்போது எல்லாரையும்விட உரக்கக் கைதட்டுகிறார். தையல்காரர் மட்டும் குழந்தையின் திறந்த வாயையே பார்த்துவிட்டு, அழுகிறாளா என்று கன்னத்தில் விரலால் கோடிழுத்துக் கண்டக்டரிடம் கேட்கிறார். கண்டக்டருக்கு வெறுமனே தலையாட்ட மனசு வரவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டுகிறார். "அண்ணே, இன்ஜினை நிறுத்துங்க!" பஸ்ஸின் நடுக்கம் அடங்குகிறது. செல்போனின் முதுகைத் தையல்காரரின் உள்ளங்கையில் அழுத்தி வைக்கிறார். ஊசி குத்திக் காய்த்துப்போன அந்தக் கையில், விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும், அழுகை அதிர்கிறது. தையல்காரரின் கண் விரிகிறது. சட்டென்று கண்டக்டரின் கையையும் இழுத்து அதன்மேல் வைத்து, "கேளுங்க, கேளுங்க" என்பதுபோலத் தலையை ஆட்டுகிறார்.