பெருச்சாளியின் பெயர் இல்லாத பட்டியல்

ஒரு தானியக் கிடங்கு நிறுவனத்தில் சரக்கு இருப்பு முழுவதையும் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்தான் பார்த்துக்கொண்டது. அந்த மொழி பெருச்சாளி ஒன்றுக்குத்தான் தெரியும்.

புது மொழிப் பயிற்சிக்குப் பட்டியல் போடும்போதெல்லாம் பெருச்சாளி பெயர் கொடுக்கும். மேலாளர் மைனா அந்தப் பெயரை அடித்துவிடும்.

"நீங்க ஜாவா படிக்கப் போயிட்டா பழசை யார் சார் பாக்கிறது? கம்பெனிக்கே நீங்கதானே தூண்!"

பெருச்சாளிக்கு உச்சி குளிர்ந்துபோகும். பக்கத்து மேசை அணில் மூன்று மொழி படித்து மூன்று முறை பதவி உயர்ந்தது.

"அண்ணே, தூண் நட்ட இடத்துலயேதான் நிக்கும்," என்று அது ஒருநாள் சிரித்தது.

பெருச்சாளி வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் வருடம் கிடங்கு புது மென்பொருளுக்கு மாறியது. பெருச்சாளி மைனாவிடம் ஓடியது.

"இப்பவாவது என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்க. இல்லேன்னா எனக்கு வேற வேலை கிடையாது."

"இந்த வயசுல எதுக்கு சார் சிரமம்? படிச்சிட்டு வந்த சுண்டெலிங்க வரிசையில நிக்குது. நீங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்க, போதும். பழசை நிறுத்தத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே!"

வெள்ளிக்கிழமை பெருச்சாளி ஒரு பிழையும் வராமல் அதை நிறுத்திக் கொடுத்தது. மைனா சிறகு தட்டிப் பாராட்டியது. பெருச்சாளி பழக்கத்தில் நன்றி சொன்னது.