வளைகாப்புக்கு ஒரு பை

போர்வையில் சுற்றிய சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தமிழ்மாறன் மொட்டை மாடிப் படியேறினான்.

நேரத்துக்கு முன்னே வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பூசிக் காயவைத்த பச்சை மருந்து அப்படி.

பின்னாலேயே அவன் மனைவி பாண்டிமீனா, ஒரு கையில் சுருட்டிய தாளும் மறு கை இடுப்பிலுமாக ஏறி வந்தாள். ஏழாம் மாதம்.

"பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரியில்ல தூக்கிட்டுப் போற. நம்ம புள்ளயவும் இப்பிடித் தூக்குறியான்னு பாக்கத்தான போறேன் மாமா."

வில்லாபுரத்து வெயில் தரையில் தண்ணீர் போல நெளிந்தது. வேட்டி காயும் கொடிக்குக் கீழே அவர்களுடைய அச்சு இயந்திரம் கிடந்தது. ஒரு கட்டில் பலகை, அதன் ஓரத்தில் இரண்டு கதவுக் கீல். அவன் கையில் இருக்கும் சட்டம், இடித்த வீடொன்றின் ஜன்னல். மை இழுக்க, தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை நறுக்கி ஒரு ரீப்பர் கட்டையில் செருகியிருந்தான்.

சிம்மக்கல்லில் பை மொத்தக் கடைக்கு மூட்டை சுமக்கிறவன் அவன். அங்கே பின்கட்டில் அச்சடிப்பார்கள். தோளில் பாரத்தோடு போகிறபோக்கில் பார்த்த வேலைதான் இது.

அங்கேயே அடித்திருக்கலாம். ஆனால் நூறு பைக்குக் குறைந்தால் சட்டத்தில் கை வைக்க மாட்டார்களாம்.

இவர்கள் விசேஷத்துக்கு நூறு பேரை எங்கே போய்த் தேடுவது?

மீனாவோ ஒரே பிடியாக நின்றாள். வளைகாப்புப் பையில் அவளுடைய அப்பா பெயர் இருக்க வேண்டும். அந்தப் பை அவர் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அது நடக்காமல் அவள் கையில் ஒரு வளையல் ஏறாது.

அவன் போர்வையை உருவினான். துணியின் மேல், அவள் கருப்பு மையில் எழுதிய கண்ணாடித் தாள். தாள் மேல் கண்ணாடி.

வெயில் பட்ட இடத்தில் மருந்து இறுகிவிடும். எழுத்துக்குக் கீழே உள்ளது மட்டும் இளக்கமாகவே இருக்கும். தண்ணீர் விட்டால் கரைந்து வழிவிடும்.

"தள்ளி நில்லு புள்ள, நெழலு விழுகுது."

"எனக்கு முன்னாடி வயிறு நிக்குது. அதுகிட்டச் சொல்லு."

எம்புட்டு நேரம் காட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயர்களை வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். தரையிறங்கும் விமானம் ஒன்று தாழப் பறந்தது. அதன் நிழல் கண்ணாடி மேல் மீன் மாதிரி நழுவி, பக்கத்து வீட்டுச் சுவரேறி மறைந்தது.

பெயர்கள் தீர்ந்ததும் கண்ணாடியை எடுத்தான்.

குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பச்சை கலங்கி, அவர்கள் பாதங்களைச் சுற்றி ஓடியது.

சட்டத்தை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

துணிக்குள் எழுத்துகள் நீலமாகத் திறந்துகொண்டிருந்தன. பாண்டிமீனா என்ற பெயர் வழியாக வானம் தெரிந்தது. ஒரு மேகம் அதற்குள் நிதானமாகப் போனது.

அப்பாவின் பெயர் மட்டும் அடைத்துக் கிடந்தது.

மீனா விரல் நுனியை நனைத்து, தூங்கும் பிள்ளையின் கன்னத்தைத் துடைப்பது போல அந்த இடத்தைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

விருமாண்டி. கடைசி எழுத்தும் கண் திறந்தது.

சட்டம் காய்ந்ததும் கீலில் மாட்டினான். மஞ்சள் பையைப் பலகையில் விரித்து, சிவப்பு மையை ஊற்றி, செருப்பு ரப்பரால் ஒரே இழுப்பாக இழுத்தான்.

சட்டத்தைத் தூக்கியபோது, பையில் ஈரமாக மினுங்கியது:

'என் மகள் பாண்டிமீனாவின் வளைகாப்புக்கு அன்புடன் அழைக்கும் தந்தை, விருமாண்டி.'

"இன்னும் எத்தன அடிக்கட்டும்?"

"ஒண்ணு போதும் மாமா."

பையின் இரு காதுகளையும் பிடித்துத் தூக்கி ஊதினாள். மை காய்ந்ததும் உசிலம்பட்டி பஸ்ஸில் தானே ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"நீயா போற? அந்த ஊருக்கா? எனக்கு ஈரக்கொலையே நடுங்குது புள்ள."

"நான் எதுக்குப் பயப்படணும்? என்னயப் பாத்து அவுகதான் பயந்து ஓடணும்."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விருமாண்டி தன் மகள் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை அச்சடித்திருக்கிறார். உசிலம்பட்டிச் சுவரெல்லாம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில்.

அவள் மறைந்த நாள் என்று அதில் போட்டிருந்த தேதியைத்தான் இவர்கள் இருவரும் வருடா வருடம் கேசரி கிண்டி, கல்யாண நாளாகக் கொண்டாடுகிறார்கள்.