ஆள் நிமிரும் உயரம்

பலகைத் தரையின் சந்து வழியாக நீண்டு இறங்கிய அளவு டேப், ஈரமண்ணைத் தொட்டதும் சிலிர்த்துக்கொண்டது.

"பார்த்து அண்ணே, இது என் வீடு" என்றது கீழே உட்கார்ந்திருந்த தேரை.

"வீட்டுக்கு மதிப்புப் போட வந்திருக்கிறோம். இது நிலவறையா, வெறும் இடுக்கா என்று பார்க்க வேண்டும். நிலவறை என்றால் விளக்குப் போடுவார்கள். இடுக்கு என்றால் மணலைக் கொட்டி மூடிவிடுவார்கள்."

தேரை சுற்றிலும் பார்த்தது. கல்தூண்களுக்கு நடுவே, மேலிருந்து கசிந்த வெளிச்சம் தண்ணீரைப் போல அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு பெரிய மண்டபம்! எத்தனை எம்பித் தாவியும் அதன் கூரையைத் தொட முடிந்ததில்லை.

"நிலவறை என்றே சொல்லிவிடுங்கள் அண்ணே. நான் நிமிர்ந்துதானே உட்கார்ந்திருக்கிறேன்?"

டேப் சிரித்தது. "நீ நிமிர்ந்து யாருக்கு என்ன? மனுஷன் நிமிர வேண்டுமே. இங்கே அவன் தவழத்தான் முடியும்."

"இன்னும் எவ்வளவு ஆழம் வேண்டும்?"

"இதே அளவு இன்னொரு மடங்கு."

யாரோ இழுக்க, டேப் சுருண்டு மேலே போயிற்று. "இடுக்குதான். மணல் நாளைக்கே வரட்டும்" என்றது ஒரு மனிதக் குரல்.

தேரை கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பின்னங்கால்களால் ஒரு சிட்டிகை மண்ணைப் பறித்து, சுவரோரத் துளை வழியாக வெளியே தள்ளியது.