ஒரு நூல் உயரம்

கையிலிருந்த பத்து ஸ்டிக்கர்களில் ஒன்பதைத் தையல்காரர் ஒரே அட்டையில் ஒட்டிவிட்டார். ‘உயிரோடு இருத்தல்’ என்று எழுதியிருந்த அட்டை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

மருத்துவமனையின் மூன்றாவது மாடிக் கூடத்துச் சுவரில் முப்பது அட்டைகள். சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகளுக்குப் புதிதாக ஒரு மருந்தைக் கொடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். அது பலித்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ரத்தத்தில் ஏறும் உப்பையா, வாந்தியையா, பள்ளிக்கூடம் போன நாள்களையா? இத்தனை காலம் டாக்டர்களே முடிவு செய்துகொண்டார்கள். இந்த முறை பெற்றோரையும் கேட்கிறார்கள். பிள்ளைகளையும்தான், பக்கத்து அறையில் தனியாக. எது முக்கியமென்று படுகிறதோ அந்த அட்டையில் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

பத்தாவது ஸ்டிக்கரோடு அவர் ‘உயரம்’ என்ற அட்டைக்கு முன்னால் நின்றார்.

மகளுக்குப் பதினொரு வயது. உயரம் நாற்பத்து நாலு அங்குலம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அது போதாதென்று, வளர்வதற்காகத் தினமும் தொடையில் ஓர் ஊசி. அவரேதான் போடுவார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, குத்திக் குத்தி என்ன வளர்ந்தேன், இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நிறுத்தினால் இருக்கிற உயரத்தோடு நின்றுவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். மசியவில்லை.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பழைய டேப் ஒன்றின் பித்தளை முனையைக் குறடால் பிடுங்கினார். ஒரு நூல் வெட்டினார். தையல்காரர்களுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முனையைத் திரும்பவும் மாட்டி அழுத்தினார். ஊருக்கெல்லாம் ஒரு நூல் பிசகாமல் அளவெடுக்கிற மனுஷன்.

சாயங்காலம் மகளைக் கடைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தார். வளர்ந்திருந்தாள்.

அவள் குதித்த குதியில் மேசையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அன்றைக்கு ஊசிக்குத் தானாகவே தொடையைக் காட்டினாள்.

அப்புறம் மாதம் ஒரு நூல். அவள் டயாலிசிஸில் படுத்திருக்கிற நேரத்தில் பள்ளிச் சீருடையின் கீழ்மடிப்பையும் கொஞ்சம் ஏற்றித் தைத்துவிடுவார். உடுப்பு குட்டையாகிக்கொண்டே வருகிறதே என்று அவர் மனைவியே நம்பிப் பூரித்தாள். மருத்துவமனையிலோ அளப்பதைக் கோப்பில் எழுதிக்கொள்வார்களே தவிர வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒன்றரை வருடத்தில் டேப் இரண்டேகால் அங்குலம் குறைந்தது. மகள் நாற்பத்து நாலிலேயே நின்றாள். ஆனால் ஒரு மாதம்கூட அவள் குதிக்காமல் இருந்ததில்லை. அந்தக் குதிக்காகத்தான் அவர் அந்தப் பாவத்தைச் செய்துகொண்டிருந்தார்.

உயரம் என்ற அட்டையில் கை வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசி ஸ்டிக்கரையும் உயிர் அட்டையிலேயே ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளின் பலகையை நர்ஸ் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் உயிர் அட்டைக்கு விழுந்தது மொத்தமே நாலு ஸ்டிக்கர். முன்வரிசையில் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முப்பதில் இல்லாத ஏதாவது வேண்டுமென்றால் எழுதலாம் என்று பிள்ளைகளுக்கு வெற்று அட்டையும் கொடுத்திருந்தார்கள். பெயர் போட வேண்டாம். மேலே என்ன வேண்டும் என்றும், கீழே அது ஏன் வேண்டும் என்றும் எழுத வேண்டும். ஒரே ஒரு பிள்ளைதான் எழுதியிருந்தது.

பெரிய டாக்டர் அதை உயர்த்திக் காட்டினார்.

கையெழுத்தைப் பார்த்ததும் தையல்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தோள் பதினாலரை, கை ஒன்பது என்று அவர் சொல்லச் சொல்ல, கடையின் அளவு நோட்டில் எழுதுகிற மகளின் கை அது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அளந்தா உள்ள நம்பரத்தான் சொல்லணும்” என்று டாக்டர் சத்தமாகப் படித்தார்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பரிசோதனை முடிவுகளைப் பிள்ளைகளிடம் நாம் மறைப்பதை இந்தக் குழந்தை எவ்வளவு அழகாகச் சுட்டிக்காட்டியிருக்கிறது என்றார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். கணினி முன்னால் இருந்தவர் அதைத் ‘தகவல் தெரிவிக்கும் முறை’ என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டார்.

அது கடைச் சுவரோடு நிற்க வைத்து அளக்கிற நம்பர் என்று தையல்காரருக்கு மட்டும்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்கு ஊசிக்குக் காட்ட மாட்டாள். எப்போது தெரிந்திருக்கும், போன வாரமா, நேற்றா? வாடிக்கையாளர்களுக்கு அளக்கிற டேப்பை எடுத்து அளந்து பார்த்திருப்பாளோ? போய்க் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் அட்டையின் கீழ்வரியைத் தனக்குள் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். காரணம் சம்பந்தமில்லாமல் இருக்கிறது, கால்வலிக்குத்தான் தனி அட்டை இருக்கிறதே என்று சொல்லி அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

தையல்காரர் எழுந்து போய் அதைத் திருப்பிப் பார்த்தார்.

‘இல்லாட்டி மாசா மாசம் குதிக்க வேண்டியிருக்கு. மொதல் தடவையிலேர்ந்தே கால் ரொம்ப வலிக்குது.’