பூனைப் படம்

திண்டிவனம் சிறப்புப் பள்ளியில், மூன்று வயது கலைமதிக்கு என்னென்ன வருகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தாள் ஆசிரியை மலர்விழி.

“ஒரு வார்த்தை பேசலீங்க” என்றாள் அத்தை பொன்னி.

பூனைப் படத்தைக் காட்டியதும் குழந்தை கன்னத்தைத் தேய்த்தாள். தண்ணீர்ப் படத்துக்குக் கட்டைவிரலை வாயில் வைத்தாள்.

“இவ கையைச் சும்மாவே வெச்சிக்கினு இருக்கமாட்டா” என்றாள் பொன்னி.

“அம்மா வரலியா?”

“வெளியதான் ஒக்காந்துகினு இருக்கா. காதும் கேக்காது, வாயும் பேசாது. அவளக் கேட்டு என்னங்க ஆவப்போவுது?”

மலர்விழி தாயை உள்ளே அழைத்து, அதே பூனைப் படத்தைக் காட்டினாள். தாய் கன்னத்தைத் தேய்த்தாள். தண்ணீருக்குக் கட்டைவிரல் வாய்க்குப் போனது.

மலர்விழிக்குப் புரிந்தது. இத்தனை நேரமும் குழந்தை பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மெதுவாகத் தன் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினாள் மலர்விழி.

கலைமதி சிரித்துக்கொண்டே பூனைப் படத்தைத் தேடி எடுத்து டீச்சரிடம் நீட்டினாள்.